திருவுளம் கேட்டவர்கள்

திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட ஆயத்தமாகிறார் திருஞானசம்பந்தர். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் ஆள் அனுப்பி அழைத்திருக்கிறார்கள். உடனிருந்த திருநாவுக்கரசருக்கு மனம் ஒப்பவில்லை. சமணர் கையில் தாம் பட்டதை நினைத்து அஞ்சுகிறார். கோள்நிலையும் நன்றாக இல்லை, இப்போது போக வேண்டாம் என்கிறார். சம்பந்தர் அதற்கு விடையாகக் கோளறு பதிகம் பாடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். சிவன் உள்ளத்தில் இருக்கும்போது எந்தக் கிழமையும் எந்தக் கோளும் அடியாருக்கு நல்லவையே என்பது அந்தப் பதிகத்தின் துணிவு. ஆனால் நாளையும் கோளையும் இப்படித் தள்ளிவிட்டு வந்த அதே சம்பந்தர், மதுரையில் சமணரோடு வாதுக்கு இறங்கும் முன் ஆலவாய் இறைவனிடம் போய் நிற்கிறார். நான் இவர்களோடு வாது செய்வது உனக்குச் சம்மதமா என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். பெரியபுராணம் இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைக்கிறது. இவற்றில் முரண் இருப்பதாகச் சேக்கிழாருக்குத் தோன்றவில்லை; உண்மையில் முரண் இல்லை. நாளை என்ன நடக்கும் என்று துருவுவது ஒன்று. நான் செய்யத் துணிந்தது செய்யத் தக்கதா என்று கேட்பது வேறொன்று. முன்னதைத் தள்ளியவர் பின்னதைச் செய்தார். தமிழர் தெய்வத்திடம் உத்தரவு கேட்ட நெடிய வரலாற்றைப் பார்க்கும்போது, அந்த வழக்கத்தின் உயிர் எதிர்காலத்தை அறிவதில் இருந்ததைவிட, முடிவெடுப்பவரின் சொந்த ஆசைக்கு ஒரு கடிவாளம் போடுவதிலேயே இருந்தது என்று படுகிறது.

வழக்கத்தின் பழைய வடிவம் விரிச்சி. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறது. ஆநிரை கவரப் புறப்படும் வீரர்கள், போகும் வழியில் ஒரு பாக்கத்தில் நின்று நற்சொல் கேட்பார்கள். முல்லைப்பாட்டு இதை இன்னும் கிட்டத்தில் காட்டுகிறது. கார்காலத்து மாலை. வயது முதிர்ந்த பெண்கள் காவல் மிகுந்த ஊரின் எல்லையைக் கடந்து வெளியே போகிறார்கள். நாழியில் நெல்லும் அப்போதுதான் மலர்ந்த முல்லையும் கொண்டுபோய்த் தூவி, கைதொழுது நிற்கிறார்கள். அருகே ஓர் ஆய்ச்சிறுமி குளிரில் தோள்களைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சிறு கயிற்றில் கட்டிய கன்றுகள் தாயைக் காணாமல் தவிக்கின்றன. கோவலர் பின்னால் ஓட்டி வர உங்கள் அம்மாக்கள் இப்போதே வந்துவிடுவார்கள் என்று அவள் கன்றுகளைத் தேற்றுகிறாள். அந்தச் சொல்லைத்தான் பெண்கள் போருக்குப் போன அரசன் திரும்பி வருவான் என்பதற்கான நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சொல்பவளுக்கு, தன்னிடம் எவரோ விடை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்பதே தெரியாது. அரசனும் போரும் அவள் நினைவில் இல்லை. அவள் கவலையெல்லாம் கன்றுகள்தான். ஆகவே அரண்மனைக்கு இனிக்க வேண்டும் என்று அவள் எதையும் திரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டாவது, அந்த நற்சொல்லைக் கேட்ட பிறகும் கணவனுக்காகக் காத்திருக்கும் அரசியின் கண்ணீர் நிற்கவில்லை. முதுபெண்டிர் எடுத்துச் சொல்லச் சொல்ல அவள் மேலும் கலங்குகிறாள். விரிச்சி அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரும் அதட்டவுமில்லை. விடை சொல்லும் வாய்க்கு அந்தக் காரியத்தில் லாபம் இருக்கக் கூடாது, விடை கேட்பவரின் மனத்துக்கு விலங்கு பூட்டவும் கூடாது என்ற இரண்டு நெறிகளும் அப்போதே இருந்திருக்கின்றன.

இந்த நெறி தவறிய இடத்தைச் சங்கப் புலவர்கள் விட்டுவைக்கவில்லை. மகள் மெலிகிறாள், தாய்க்குக் காரணம் புரியவில்லை. முருகபூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, முருகன் அணங்கினான் என்கிறான். வெறியாட்டு நடக்கிறது, ஆடு பலியாகிறது. உண்மைக் காரணம் மலைநாட்டுக் காதலன் என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி முருகனையே எதிரில் நிறுத்திக் கேட்கிறாள்: இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று உனக்கே தெரியும், தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று கடம்பமாலை சூடி வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் அறியாமை உடையவன்தான் என்கிறாள். பக்தியைப் பழிக்கும் பாட்டு என்று இதைக் கொள்ள முடியாது. மகளை அருகில் அமர்த்திக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றைக் கேட்காமல், தெய்வத்தை இழுத்ததற்கான கண்டனம் இது. விடை சொன்ன வேலனுக்கோ பலியும் படையலும் உண்டு. ஆய்ச்சிறுமியின் சொல்லும் வேலனின் சொல்லும் ஒரே காலத்து இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. ஒன்றை மதிப்போடும் மற்றொன்றைக் கேள்வியோடும் புலவர்கள் பார்த்திருக்கிறார்கள். தெய்வத்திடம் கேட்பதற்கு முன் மனிதரிடம் கேட்டு முடிக்க வேண்டும் என்ற மூன்றாவது நெறி இங்கே கிடைக்கிறது.

இந்த இடத்தில் வள்ளுவரைக் காட்டி ஒரு தடை எழுப்பலாம். ஒரு செயலில் இறங்குமுன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் தொடர்ந்து எழுதியவர், அவற்றில் எங்கும் குறி கேள், உத்தரவு கேள் என்று சொல்லவில்லை. ஆய்ந்தறிந்த இனத்தோடு எண்ணிப் பார், உன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் தூக்கிப் பார் என்றே சொல்கிறார். தெய்வம் கைவிட்டாலும் முயற்சி கூலி தரும் என்பதும் அவர் துணிவு. இந்தத் தடை வலுவானது, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வள்ளுவர் வகுத்தது எண்ணிப் பார்க்கும் முறை. எண்ணிப் பார்த்த பிறகும் இரு பக்கமும் சமமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. எண்ணுபவரின் ஆசையே தராசின் முள்ளைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடமும் உண்டு. திருவுளம் கேட்கும் வழக்கம் நின்ற இடம் அதுதான். நன்றாக நடந்த காலத்தில் அது எண்ணத்தின் நாற்காலியில் உட்காரவில்லை, எண்ணம் முடிந்த வாசலில் நின்றது. இதற்குச் சைவ மரபிலேயே ஒரு தெளிவான சான்று உண்டு.

திருமுறையில் கயிறு சாத்திப் பார்த்தல் என்ற வழக்கம் அது. தேவார ஏட்டுச் சுவடியைப் பூசித்து, மூடிய சுவடியின் ஓலைகளுக்கு இடையே ஒரு கயிற்றைச் செருகி, கயிறு நின்ற இடத்தில் பிரித்து, அங்கே வரும் பாட்டை இறைவன் சொல்லாக ஏற்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டாரின் பிறப்பு வரலாறு இந்தக் கயிற்றில்தான் தொடங்குகிறது. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிள்ளையில்லை. குலகுருவான சகலாகம பண்டிதரிடம் முறையிடுகிறார். ஆகமங்கள் அனைத்தும் கற்றவர் என்று பெயரிலேயே பட்டம் தாங்கிய பண்டிதர் அவர். இருந்தும் தம் கல்வியிலிருந்து ஒரு பரிகாரத்தை எடுத்து நீட்டாமல், திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்தச் செய்கிறார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில், அத்தலத்து முக்குளநீரில் மூழ்கி வணங்குவோர்க்குப் பிள்ளைப்பேறு முதலியன கிட்டும் என்ற பாட்டு வருகிறது. களப்பாளரும் மனைவியும் திருவெண்காடு போய் முக்குளத்தில் நீராடி வழிபடுகிறார்கள். அங்கே கனவில் இறைவன் தோன்றி, இந்தப் பிறவியில் உனக்கு மகப்பேறு இல்லை என்கிறார். களப்பாளர் தளரவில்லை. நான் சம்பந்தப் பிள்ளையாரின் வாக்கை நம்பி வந்தவன், என் வினையை நம்பி வரவில்லை என்ற கருத்தில் மறுமொழி சொல்கிறார். இறைவன் இரங்கி வரம் தருகிறார். பிறந்த பிள்ளை சுவேதவனப்பெருமாள். பின்னாளில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். கயிறு சாத்தச் சொன்ன சகலாகம பண்டிதரே அந்தப் பிள்ளையிடம் மாணவராகி அருணந்தி சிவம் ஆனார், சிவஞான சித்தியார் எழுதினார்.

இந்த வரலாற்றை அப்படியே நடந்ததாக ஏற்காதவர்கூட, சைவ மரபு இதைப் போற்றி வைத்திருக்கும் விதத்தைக் கவனிக்கலாம். குரு தம் கல்வியை ஒதுக்கி நிற்கிறார். விடை அவர் வாயிலிருந்து வராமல் எல்லோருக்கும் பொதுவான நூலிலிருந்து வருகிறது. வந்த விடை ஆறுதலோடு முடியாமல் பயணம், நீராடல், வழிபாடு என்று உழைக்கச் சொல்கிறது. கனவு எதிர்மறையாக வந்தபோதும் அடியவர் விதி என்று ஒடுங்காமல், தாம் ஏற்ற சொல்லின் மேல் உறுதியாக நின்று இறைவனிடமே வாதாடுகிறார். குறி கேட்பவன் தன் பொறுப்பைத் தெய்வத்தின் தலையில் இறக்கிவைத்துவிட்டுச் சோம்பிவிடுவான் என்ற குற்றச்சாட்டுக்கு இந்தக் கதை நேர் எதிரானது.

வைணவ மரபில் இதே நெறிக்குக் காஞ்சிபுரத்தில் சான்று உண்டு. ஐயங்கள் சூழ்ந்த காலத்தில் இராமாநுசர் திருக்கச்சி நம்பியிடம் போகிறார். பூவிருந்தவல்லியைச் சேர்ந்த நம்பி வைசியர்; வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். வேதாந்தம் கற்ற இராமாநுசர் தம் மனத்திலுள்ள கேள்விகள் இன்னவை என்று விரிக்காமல், பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி அவரை வேண்டியதாகவும், பெருமாள் ஆறு வார்த்தைகளாக விடை அருளியதாகவும் குருபரம்பரை சொல்கிறது. பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்று என்பது அவற்றுள் ஒன்று. கேள்வி தெரியாதவர் விடையைத் தம் விருப்பப்படி வளைக்க முடியாது. பிறப்பால் தம்மைவிடத் தாழ்ந்தவர் என்று ஊர் கருதிய ஒருவர் வாயிலாக விடை பெற இசைந்தபோதே, கேட்பவரின் தலைக்கனமும் இறங்கிவிடுகிறது. திருவுளம் கேட்பதன் பயனில் பாதி, விடை வருமுன்பே இப்படிக் கைகூடிவிடுகிறது.

எளிய மக்களிடம் இந்த வழக்கம் பூவாக வந்து சேர்ந்தது. பெண் எடுப்பதா, நிலம் வாங்குவதா, கிணறு வெட்டுவதா, திருவிழாவுக்கு நாள் குறிப்பதா என்று முடிவாகாதபோது பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாதபடி ஒரே அளவில் இலையிலோ தாளிலோ மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்பதை எடுப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். எடுப்பது பெரும்பாலும் விவரம் தெரியாத சிறு பிள்ளை. கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். காங்கேயத்துக்கு அருகிலுள்ள சிவன்மலையில் இதன் இன்னொரு வடிவம் இன்றும் நடக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்லி உத்தரவிட, அவர் கோயிலில் வந்து தெரிவிக்கிறார். கனவு வந்தது என்று அவர் சொன்னதாலேயே அந்தப் பொருள் ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்குள் போய்விடாது. சன்னதியில் பூப்போட்டுக் கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகே கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கே இருக்கும். ஒருவர் கண்ட கனவை அவர் வாக்கை மட்டும் வைத்து ஊர் ஏற்பதில்லை என்பதே இதில் முக்கியம். நம்பிக்கை மிகுந்த இடத்திலும் சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது.

இதெல்லாம் வெறும் தற்செயல்தானே, சிவப்பும் வெள்ளையும் கைக்கு வருவது நாணயத்தைச் சுண்டுவது போலத்தானே என்று பகுத்தறிவாளர் கேட்பார். நம்பாதவருக்கு அது தற்செயல்தான். அதை மறுத்து வாதாட வேண்டியதில்லை. ஆனால் யாருடைய கையும் படாத விடைக்கு ஒரு சமூகப் பயன் உண்டு என்பதை உத்திரமேரூர் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் பொறித்த அந்த விதிகளின்படி, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஊர்ச்சபை கூடியிருக்க, கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிப்பார். ஒன்றும் அறியாத பாலகன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பான். அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் படிப்பார்கள். இறைவன் தேர்ந்தெடுத்தான் என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. இது நிர்வாக ஏற்பாடு. என்றாலும் அறியாப் பிள்ளையின் கை, பலர் கண்முன் எடுத்தல், முன்கூட்டி வகுத்த விதி என்று பூக்கட்டிப் பார்ப்பதன் உறுப்புகள் எல்லாம் இதிலும் இருக்கின்றன. முக்கியமாக, ஓலை குடத்துக்குள் போகுமுன் நிலம், வீடு, வயது, கல்வி, கணக்கு ஒப்படைத்த நேர்மை என்று கடுமையான சலித்தெடுப்பு நடந்துவிடுகிறது. ஆய்வு முதலில், ஓலை பிறகு. ஏரி வாரியத்துக்கு யார் என்று கட்சி கட்டி ஊர் உடையாமல் காத்தது இந்த வரிசைமுறைதான்.

இன்னும் கடுமையான தடை ஒன்று பாக்கியிருக்கிறது. தெய்வத்தின் பெயரால் நடந்த கொடுமைகள் எத்தனை! சம்பந்தரின் வாது முடிந்தபின் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்று பெரியபுராணமே சொல்கிறது. நடந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதைத் திருவருளின் வெற்றியாகப் பாடி வைத்த மனத்தைப் பற்றி நாம் கவலைப்படத்தான் வேண்டும். உத்திரமேரூர்க் குடத்திலும் பிராமண நிலவுடைமையாளர்களின் பெயர்களே விழுந்தன. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழையும்வரை, அவர்களைத் தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். இந்தக் குற்றச்சாட்டை முழுமையாக ஏற்க வேண்டும். ஏற்றுக்கொண்டு பார்த்தால், வழக்கத்தின் நெறிகள் மீறப்பட்ட இடங்கள்தான் இவை என்பது தெரியும். வாது செய்யலாமா என்று கேட்டவரே விடையையும் தம் நெஞ்சில் கேட்டுக்கொண்டார். எதிர்த்தரப்புக்கும் பொதுவான ஒரு கை அங்கே இல்லை. கோயில் வாசலிலோ கேட்கவே கூடாத கேள்வி கேட்கப்பட்டது. சக மனிதரை மனிதராக நடத்தலாமா என்பதற்கு எந்தச் சன்னதியிலும் பூக்கட்டிப் பார்க்கத் தேவையில்லை. அறம் ஏற்கெனவே விடை சொல்லிவிட்ட இடத்தில் திருவுளம் கேட்பது, விடையைத் தள்ளிப்போடும் தந்திரம்.

எல்லையை அறிதல் இந்த வழக்கத்தைப் பேணிய பிற சமயங்களிலும் நடந்திருக்கிறது. அரபு நாட்டில் அம்பு எறிந்து குறி பார்த்த வழக்கத்தைக் குர்ஆன் தடை செய்தது. அதன் இடத்தில் முஸ்லிம்கள் கைக்கொண்டது இஸ்திகாரா: இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதானால் கைகூட்டு, தீயதானால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு என்று இறைஞ்சுவது. கனவோ அடையாளமோ வந்தாக வேண்டும் என்று அந்த வேண்டுதலில் இல்லை. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய மொராவியக் கிறிஸ்தவர்கள், ஆளை அனுப்புவது முதல் திருமணம்வரை சீட்டுப் போட்டு ஆண்டவர் சித்தம் அறிந்த சபையார். மணமக்கள் மனம் சம்பந்தப்பட்டதைச் சீட்டுக்கு விடலாகாது என்று பின்னாளில் அந்தச் சபையே கண்டு, திருமணச் சீட்டை முதலில் கைவிட்டது. 1889இல் சீட்டு வழக்கத்தையே முற்றாக நிறுத்தியது. இறைவனிடம் கேட்பதை அவர்கள் நிறுத்தவில்லை, கருவியை மட்டும் வைத்துவிட்டார்கள்.

ஆகவே இந்த வழக்கத்தை மூடத்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளுவதும், முன்னோர் செய்ததெல்லாம் சரி என்று ஒரேயடியாகத் தழுவுவதும் வரலாற்றுக்கு நியாயம் செய்யாது. இன்று மகளுக்கு வரன் பார்ப்பவர் ஜாதகக் கட்டத்தை நம்பி, மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால், அவர் நற்றிணைத் தோழியின் கண்டனத்துக்கு உரியவர். மகளிடம் கேட்டு, விசாரித்து, யோசித்து, அதற்குப் பிறகு சன்னதியில் நின்று, என் கௌரவத்துக்காக இதைச் செய்கிறேனா, பிள்ளையின் நன்மைக்காகவா என்று கேட்பவர் களப்பாளரின் வழியில் நிற்கிறார். பதவியில் இருப்பவருக்கும் ஊருக்குப் பெரியவருக்கும் இது இன்னும் அவசியம். அவர்கள் ஆசையை மறுத்துப் பேச அருகில் ஆள் இருப்பதில்லை. கடவுளை நம்பாதவரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: தன் லாபத்தில் பங்கில்லாத ஒருவரிடம் தன் முடிவை ஒப்படைத்துச் சரிபார்க்கும் துணிவு. நம்புபவருக்கோ அதற்கு மேலும் உண்டு. தான் நினைத்தது தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு கேட்பவருக்கு மட்டுமே இல்லை என்ற விடையையும் வாங்கிக்கொள்ள முடியும். அப்படி வாங்கிக்கொள்ள மனம் இல்லாதவர் கோயிலுக்குப் போய் அனுமதி வாங்கி வரலாம். திருவுளம் கேட்டதாக ஆகாது.